மாட்டுத் தகடு என்று நான் சொல்லிவந்தது

ஆட்களைக் கூட்டிப்போய் இடங்களைக் காட்டும் வேலைக்கு நீங்கள் புதிதாக வந்திருக்கிறீர்கள். எந்த வளைவில் பஸ்ஸை நிறுத்தினால் தலைசுற்றல் உள்ளவர்கள் இறங்கிக் காற்று வாங்கலாம், எந்தக் கடையில் முப்பது பேருக்கு ஒரே தடவையில் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுப்பார்கள் என்பதெல்லாம் நாலைந்து பயணத்தில் தானாகப் பழகிவிடும். அதைச் சொல்ல நான் வேண்டியதில்லை. ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று நான் இரண்டு வருஷமாகப் பிழையாகச் சொல்லிவந்த ஒரு சங்கதியைச் சொல்லத்தான் வந்தேன்.

அறுபதுகளின் கடைசி அது. மாத்தளைப் பெரிய தெருவில் பயணங்கள் ஒழுங்குசெய்து கொடுக்கும் ஒரு சின்ன இடத்தில் வேலை பார்த்தேன். வெள்ளைக்காரர்களைச் சீகிரியாவுக்குக் கூட்டிப்போக வேறு ஆட்கள் இருந்தார்கள். எனக்கு வாய்த்தது நம்மூர்ச் சனம். கடைக்காரர்கள், பள்ளிக்கூட வாத்திமார், பல்லேபொலப் பக்கத்து மிளகு வியாபாரிகள், தோட்டத்துக் குடும்பங்கள். இவர்கள் எல்லாருக்கும் வேண்டியிருந்தது ஒன்றுதான், கடல். மாத்தளையிலிருந்து எந்தத் திசையில் போனாலும் கடல் தூரம்தான். ஐம்பது வயதுவரை அதைக் கண்ணால் பார்க்காதவர்கள் எத்தனையோ பேர் என் பஸ்ஸில் வந்திருக்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது மன்னார்ப் பயணம். முதல் நாள் போய்ச் சேர்வது. இரண்டாம் நாள் காலையில் அங்கேயுள்ள ஒரு சின்ன நூதனசாலை, மத்தியானம் கடல்நீர் தேங்கும் களப்பின் ஓரத்துப் பறவைச் சரணாலயம், பின்னேரம் கடல் குளிப்பு. மூன்றாம் நாள் திரும்புவது.

விடியற்காலையில் புறப்பட்டு நாவுல தாண்டும்வரை ஜன்னலுக்கு வெளியே பனிதான் இருக்கும். தம்புள்ளைக்குப் பிறகு குளிர் மெல்லக் கழன்றுவிடும். சால்வைகள் தோளிலிருந்து மடிக்கு இறங்கும். காடும் குளமும் மாறி மாறி வரும். பாடிக்கொண்டிருந்தவர்கள் பாட்டை நடுவில் விட்டுவிட்டுக் கண்ணயர்வார்கள். அனுராதபுரத்துக்கு அப்பால் மரங்கள் குள்ளமாகும், வானம் பெருக்கும். மன்னாரை நெருங்கினால் வெளிச்சமே வேறு மாதிரி. வெள்ளை மண், வெள்ளை வெயில், வயிறு பருத்த பெருக்குமரங்கள். கழுதைகள் எங்கே போகப் புறப்பட்டோம் என்பதை மறந்தவைபோல ரோட்டின் நடுவில் நிற்கும். எத்தனை தடவை போயும் அந்த ஊருக்குள் முழு விழிப்போடு நுழைந்ததாக எனக்கு நினைவில்லை. ஒரு கிறக்கம் வந்துவிடும். அந்தக் கிறக்கத்திலேயே பேசுவேன், பேச்சும் நன்றாக வரும். நம் குரல் நமக்கே இனிக்கிற நேரத்தில் கொஞ்சம் கவனமாக இருங்கள்.

அந்த நூதனசாலை இரண்டே அறை. பழைய தானியக் களஞ்சியம். பவளக்கல் சுவர். ஓட்டு இடுக்குகள் வழியாக விழும் வெளிச்சம் தண்ணீர்போலத் தரையில் அசையும். கடற்பசுவின் தாடை எலும்பு, முத்துச்சிப்பிகள், துருப்பிடித்த நங்கூரம், ஒல்லாந்தர் காலத்துக் காசுகள், மீனவர் கோயில் ஒன்றிலிருந்து வந்த மணி. எல்லாவற்றையும் தேடிச் சேர்த்துப் பார்த்துக்கொண்டவர் வேலையிலிருந்து இளைப்பாறிய பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர். ஊரே அவரை மாஸ்டர் என்று கூப்பிட்டது. ஒவ்வொரு பொருளுக்கும் அட்டை வெட்டித் தன் கையாலேயே குறிப்பு எழுதி வைத்திருந்தார்.

இரண்டாவது அறையில், கண்ணாடிப் பெட்டி ஒன்றின் மூலையில், வட்டமான ஒரு தகரத் தகடு இருந்தது. ஒரு ரூபாய்க் குற்றியைவிடக் கொஞ்சம் பெரிது. மேலே ஒரு ஓட்டை. ஒரு ஆங்கில எழுத்தும் சில இலக்கங்களும் அதில் குத்தப்பட்டிருந்தன. கீழே அட்டையில் ‘மாட்டின் கழுத்தில் கட்டும் அடையாளத் தகடு’ என்று எழுதியிருந்தது.

அந்த இடத்துக்கு வரும்போது எல்லாருக்கும் கால் கடுத்திருக்கும். அதனால் நான் ஒரு பகிடி வைத்திருந்தேன். “பாருங்க, அந்தக் காலத்துல மாட்டுக்குக்கூட நம்பர் குடுத்திருக்காங்க. காணாமப் போனாலும் எந்தப் பட்டின்னு கேட்டுக் கொண்டுபோய் விட்டுறலாம். நமக்குத்தான் இன்னும் ஒண்டும் இல்ல.” எல்லாரும் சிரிப்பார்கள். இரண்டு வருஷத்தில் சிரிக்காத குழு ஒன்றுகூட இல்லை.

அன்றைக்கும் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் பெயர் அந்தோனியம்மா. மாத்தளைக்குக் கிட்டவுள்ள ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். ஐம்பதை எட்டுகிற வயது, மெலிந்த உடம்பு, வெள்ளைச் சேலை. தோட்டத்திலிருந்து தனியாக வந்திருந்தார். வழி முழுக்க ஜன்னலோரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். இப்போது பெட்டியின் கண்ணாடிமேல் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு நின்றார்.

“இது மாட்டோடது இல்லங்க, நானா,” என்றார். எங்கள் ஊரில் முஸ்லிம் ஆண்களை எல்லாரும் வயது பார்க்காமல் நானா என்றுதான் கூப்பிடுவார்கள்.

“எழுதியிருக்குதே அம்மா,” என்றேன்.

“எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனா இதே மாதிரி ஒண்ணு எங்க அப்பா கழுத்துல கெடந்துச்சு.”

எனக்குப் பின்னால், ஒரு துணிக்கடையில் வேலை செய்யும் மனிதர் நின்றிருந்தார். வந்த வழியெல்லாம் பஸ்ஸைச் சிரிக்கவைத்துக்கொண்டு வந்தவர். “அப்ப ஒங்க அப்பாவும்…” என்று தொடங்கி, மிச்சத்தைச் சொல்லாமல் விட்டார். சொல்லாமல் விட்டதற்கே இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள்.

அந்தோனியம்மா திரும்பிப் பார்க்கவில்லை. கையையும் எடுக்கவில்லை.

சத்தம் கேட்டு மாஸ்டர் வந்தார். விஷயத்தைக் கேட்டார். கோபப்படுகிற ஆள் இல்லை, ஆனால் தான் எழுதிய அட்டைகள்மேல் அவருக்கு மதிப்பு இருந்தது. “இல்லைத் தங்கச்சி, இதைத் தந்த மனிசன் மாடு வளர்த்தவர். தன்ரை கண்டுக்குட்டியின்ரை கழுத்திலயிருந்து அவிட்டுத் தந்தவர். அவர் சொன்னதைத்தான் நான் எழுதினனான்,” என்றார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் என் தலைக்குள் என்ன ஓடியது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். இந்த அம்மா சொல்வது உண்மை என்று அந்தக் கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. உண்மை என்றால் நான் இரண்டு வருஷமாக என்ன சொல்லிச் சிரிக்கவைத்தேன் என்பதும் கூடவே தெரிந்தது. மாஸ்டரைப் பகைத்துக்கொண்டால் அடுத்த குழுவைக் கூட்டிவர முடியுமா என்று ஒரு யோசனை. இந்தக் கிறக்கமான காலை கெட்டுப்போகிறதே என்று ஒரு எரிச்சல்கூட. நான் கையைத் தட்டி, “சரி சரி, வெயில் ஏறுது, பறவைங்க நமக்காகக் காத்திருக்காது, வாங்க போவோம்,” என்றேன்.

நான் செய்த பிழை இதுதான். தெரியாமல் இரண்டு வருஷம் சொன்னதை யாரும் மன்னிக்கலாம். தெரிந்த பிறகு கையைத் தட்டியதைத்தான் நான் சொல்கிறேன்.

சரணாலயம் பத்து மைல். களப்பு அந்த மாதத்தில் கணுக்கால் அளவுதான் இருக்கும். கரையும் தண்ணீரும் எங்கே பிரிகின்றன என்று தெரியாது. தூரத்தில் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் நின்றன. முதலில் பார்க்கும்போது அவை பறவைகளாகத் தெரியாது. தண்ணீருக்குமேல் ஒரு ரோசாநிறப் புகை படிந்திருப்பதுபோல இருக்கும். பிறகு அந்தப் புகையின் ஒரு ஓரம் கழன்று எழும். இறக்கைக்கு அடியில் சிவப்பும் கறுப்பும் ஒரு தடவை தெரிந்து மறையும். சத்தம் நம்மிடம் வந்துசேரும்போது அவை வேறு இடத்தில் இறங்கியிருக்கும். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் தாமாகவே மெல்லிய குரலுக்கு மாறிவிடுவார்கள். துணிக்கடைக்காரர்கூட வாயை மூடிக்கொண்டு நின்றார்.

அந்தோனியம்மா தனியாகப் போய், உப்புப் படிந்த ஒரு மரக்கட்டைமேல் உட்கார்ந்திருந்தார். நான் கொஞ்ச நேரம் மற்றவர்களுக்கு எதையோ விளக்கிக்கொண்டிருந்தேன். என் பேச்சு எனக்கே ருசிக்கவில்லை. கடைசியில் அவர் பக்கத்தில் போய் நின்றேன். எல்லாக் குழுக்களுக்கும் சொல்லும் வாசகத்தையே அவருக்கும் சொன்னேன்.

“இந்தப் பறவைங்க இந்தியாவிலேருந்து வருதும்மா. நெனச்ச நேரம் வரும், நெனச்ச நேரம் போகும். அதுக்கெல்லாம் எல்லையே இல்ல.”

“பறவைக்குச் சட்டி பானை இல்ல, நானா,” என்றார் அவர். “எனக்கு இருக்கு.”

நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு அவராகச் சொல்லத் தொடங்கினார். களப்பைப் பார்த்துக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோல.

“அப்பாவும் அம்மாவும் ராமேஸ்வரம் பக்கத்திலேருந்து கப்பலேறித் தலைமன்னார்ல எறங்கினாங்க. நான் அப்பப் பொறக்கல. ஏத்துறதுக்கு முன்னாடி கேம்புல நாளுக்கணக்கா வச்சிருந்தாங்களாம். மருந்துத் தண்ணி ஊத்தினாங்களாம். அப்பத்தான் ஆளுக்கு ஒரு தகரத் துண்டு கழுத்துல கட்டிவிட்டது. எந்தத் தோட்டத்துக்குப் போற ஆளுன்னு அதுல இருக்கும். வாய் தொறந்து பேரு சொல்ல வேண்டியதில்ல. பாத்துப் பாத்து ரயில்ல ஏத்திடுவாங்க.”

“அப்பா அதை வச்சிருந்தாரா?”

“அரிசிப் பொட்டிக்குள்ள வச்சிருந்தாரு. அவருகிட்ட வேற காயிதம் இல்ல. தொரை ஆபீசுக்குப் போனாலும் கவுருமெண்டுக் கச்சேரிக்குப் போனாலும் அதை எடுத்துக் கழுத்துல போட்டுக்குவாரு. நாங்க சிரிப்போம். நாங்களும் சிரிச்சிருக்கோம், நானா. நான் அதைக் கொற சொல்லல.”

மரக்கட்டையில் படிந்த உப்பை நகத்தால் சுரண்டினார்.

“பிரஜாவுரிமைக்கு எழுதிப்போட்டோம். அத்தாட்சி இல்லன்னுட்டாங்க. அப்பா செத்தப்ப அந்தத் துண்டைக் குழிக்குள்ளயே வச்சிட்டோம். வச்சிருந்தா என்ன ஆகியிருக்கும், ஒண்ணும் ஆகியிருக்காது. இப்ப ரெண்டு நாட்டு ஆளுங்களும் பேசி முடிச்சு, எங்க குடும்பத்த இந்தியாவுக்குன்னு எழுதியிருக்காங்க. கொஞ்ச நாள்ல இந்த வழியாத்தான் கப்பலேறப் போறோம். அன்னைக்கு மூட்டை முடிச்சோட எதையும் பாக்க முடியாதுல்ல. அதான், முன்னாடியே வந்து பாத்துட்டுப் போவோம்னு வந்தேன்.”

பூநாரைகள் மறுபடியும் எழுந்து ஒரு வளையம் போட்டன. அந்தோனியம்மா அவற்றை நன்றாகத்தான் பார்த்தார். அழகாயிருக்கு என்றும் சொன்னார்.

நான் எழுந்து சாரதியிடம் போனேன். பியதாச என்று ஒரு சிங்கள மனிதர், நாவுலக்காரர். திரும்பவும் நூதனசாலைக்குப் போக வேண்டும் என்றேன். நாலு மணிக்குப் பூட்டிவிடுவார்கள் என்றும் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அந்தோனியம்மா உட்கார்ந்திருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தார். “ஹரி, யமு,” என்று பீடியை அணைத்தார். சரி, போவோம் என்று அர்த்தம்.

குழுவிடம் சொல்வதுதான் கஷ்டம். பஸ்ஸுக்குள் எல்லாரும் ஏறிய பிறகு நடுவில் நின்றேன். திரும்பிப் போனால் கடல் குளிப்புக்கு நேரம் இருக்காது. அதற்காகவே வந்தவர்கள் பாதிப்பேர். மாற்று உடுப்பை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார்கள்.

“காலையில நான் ஒரு பிழையான கதை சொன்னேன்,” என்றேன். “மாட்டுத் தகடு இல்ல அது. மனுசன் கழுத்துல கட்டினது. இந்த அம்மாவுக்கு அது தெரியும். அதை மாஸ்டர்கிட்டச் சொல்லணும். சொல்லப் போனாக் கடலுக்கு நேரம் பத்தாது. முடிவு என்னோடது. ஏசுறதா இருந்தா என்னை ஏசுங்க.”

ஏசினார்கள். ஒரு மிளகு வியாபாரி, இதை நீ அடுத்த தடவை வரும்போது தனியாகப் போய்ச் சொல்லலாமே என்றார். நியாயமான கேள்விதான். “அடுத்த தடவை இந்த அம்மா இருக்க மாட்டாங்க,” என்றேன். அவர் மாற்று உடுப்பை எடுத்துப் பைக்குள் வைத்தார். சந்தோஷமாக ஒத்துக்கொண்டார் என்றும் சொல்ல முடியாது. பின் ஆசனத்திலிருந்து ஒரு டீச்சரம்மா, “போங்க, நின்னு கதைச்சா அதுக்கும் நேரம் போகுது,” என்றார். பியதாச ஏற்கெனவே பஸ்ஸைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

நாங்கள் போய்ச் சேரும்போது மாஸ்டர் வெளிக்கதவில் சாவியோடு நின்றார். நான் முன்னால் போய், அவர் பிழை என்று சொல்லாமல், நான் பிழை சொல்லிவிட்டேன் என்று தொடங்கினேன். இதை மட்டும் தந்திரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது உண்மையாகவும் இருந்தது. மாஸ்டர் நான் சொன்னதைக் கேட்டு முடித்துவிட்டு, அந்தோனியம்மாவைப் பார்த்து, “உள்ளுக்கு வாங்கோ,” என்றார்.

கண்ணாடியைத் திறந்து தகட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார். இரண்டு வருஷத்தில் அந்தப் பெட்டி திறந்து நான் பார்த்ததில்லை. அந்தோனியம்மா அதைக் கண்ணால் பார்ப்பதைவிட விரலால்தான் அதிகம் பார்த்தார். பெருவிரலால் விளிம்பைச் சுற்றித் தடவினார்.

“மேல ஒரு இங்கிலீசு எழுத்தும் ஒரு நம்பரும் இருக்கணும். அது தோட்டத்துக்கு. கீழ இருக்கிற நம்பர் ஆளுக்கு,” என்றார்.

மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். அப்படித்தான் இருந்தது. அவர் நிமிர அதிக நேரம் எடுத்தது.

“ஒரு பட்டி மாட்டுக்கு என்னத்துக்கு ரெண்டு நம்பர்,” என்று தனக்குத்தானே சொன்னார். பிறகு ஒரு கதிரையில் உட்கார்ந்தார். “அந்த மனிசன் எனக்கு இன்னுமொண்டு சொன்னவர். கப்பல் துறைக்குப் போற பழைய ரோட்டோரத்தில இது கிடந்ததாம். வடிவா இருக்கெண்டு எடுத்துக் கண்டுக்குக் கட்டினவராம். கட்டினதை எழுதினனான். கிடந்து எடுத்ததை எழுதேல்லை.”

பஸ்ஸில் வந்தவர்களில் ஏழெட்டுப் பேர் வாசலில் வந்து நின்றிருந்தார்கள். துணிக்கடைக்காரரும் நின்றார். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கேட்கச் சொல்லவில்லை. கூடி நின்றவர்களுக்குள் அவர் முகம் மட்டும் சுவரைப் பார்த்திருந்தது.

மாஸ்டர் புதிய அட்டை ஒன்றையும் பென்சிலையும் எடுத்தார். “என்ன எழுதட்டும், சொல்லுங்கோ. உங்கட தகப்பனின்ரை பேரையும் போடட்டே?”

அந்தோனியம்மா தலையை ஆட்டினார். “வேண்டாங்க. இது அவரோடது இல்ல. அவரோடது அவருகிட்டயே இருக்கு. இது வேற யாரோ ஒருத்தரோடது.” தகட்டை மறுபடியும் ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். “எறங்கின எடத்துலயே தொலச்சிருக்காரு பாருங்க. இது இல்லாம அந்த மனுசன் எந்த ரயில்ல ஏறினாரோ. என்ன பட்டாரோ.”

இரண்டு வருஷமாக அந்தப் பெட்டிக்கு முன்னால் நின்றவன் நான். மாஸ்டர் அதைவிடக் கூடுதலான காலம் நின்றவர். தொலைத்தவனைப் பற்றி எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு நாளும் தோன்றவில்லை. மாஸ்டர் பென்சிலைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் எழுதாமல் இருந்தார். பிறகு எழுதத் தொடங்கினார், அழித்தார், திரும்ப எழுதினார். நல்ல மையில் பிறகு எழுதி வைக்கிறேன், நீங்கள் போங்கள், இருட்டப்போகிறது என்றார்.

கடலுக்குப் போனபோது வெளிச்சம் கொஞ்சம் மிச்சமிருந்தது. குளிக்க நேரமில்லை. எல்லாரும் சேலையையும் சாரத்தையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு முழங்கால்வரை இறங்கி நின்றார்கள். தண்ணீர் இளஞ்சூடாக இருந்தது. அலை இல்லை. ஒருவரும் சத்தம் போடவில்லை. அந்தோனியம்மாவும் இறங்கினார். அந்த டீச்சரம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கடலுக்குள்ளேயே எல்லாரும் தூங்கிவிட்டார்களோ என்று நினைக்கும்படி அப்படியே நின்றார்கள். ஏசின மிளகு வியாபாரிதான் கடைசியாகக் கரையேறினார்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். உங்கள் பகிடிக்கு எல்லாரும் சிரிக்கும்போது ஒருவர் சிரிக்காமல் நின்றால், அவர் பக்கத்தில் போய் நில்லுங்கள். அடுத்த இடத்துக்கு நேரமாகிறது என்று கையைத் தட்டாதீர்கள். நேரம் பெரும்பாலும் ஆகியிருக்காது.

அதற்குப் பிறகும் பல தடவை அந்த நூதனசாலைக்கு ஆட்களைக் கூட்டிப்போனேன். ஒவ்வொரு தடவையும், இதை நான் முதலில் பிழையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதில்தான் தொடங்கினேன். சிலருக்கு அது பிடிக்கவில்லை. வழிகாட்டி என்றால் எல்லாம் தெரிந்திருக்க வேண்டாமா என்று கேட்டவர்கள் உண்டு.

அந்தோனியம்மாவின் குடும்பம் புறப்படுகிற நாள் அந்தத் தோட்டத்து ஆள் ஒருவர் மூலமாக எனக்குத் தெரியவந்தது. காலையில் மாத்தளை ஸ்டேசனுக்குப் போனேன். மேடை முழுக்கச் சனம். சிலர் விசும்பினார்கள், சிலர் மூட்டைகளை ரயிலுக்குள் தள்ளுவதிலேயே இருந்தார்கள். அந்தோனியம்மா தன் மருமகனுக்கு எதையோ சொல்லிக்கொண்டு நின்றார். என்னை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

“நானா, அந்த மாஸ்டரு எழுதி வச்சிட்டாரா?”

“வச்சிட்டாரு.”

“என்ன எழுதியிருக்காரு?”

எனக்கு மனப்பாடம். அந்தச் சத்தத்துக்குள் அவர் காதுக்குக் கிட்டக் குனிந்து சொன்னேன். “தோட்ட வேலைக்கு வந்த ஒருவரின் கழுத்தில் கிடந்தது. வழியில் தொலைந்தது. அவர் பெயர் தெரியாது.”

அவர் அதைத் தனக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். உதடு அசைந்தது.

“பேரு தெரியாதுன்னும் எழுதிட்டாரா,” என்றார். “அது சரிதான். தெரியாதுல்ல.”

மருமகன் கூப்பிட்டான். அவர் படியில் கால் வைத்து ஏறி, உள்ளே இடம் தேடிப் போனார்.